ஆய்வேடும் அரங்கமும்: மலையக வரலாற்றாய்வாளர்க்குச் சில குறிப்புகள்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனது அவையில், அதங்கோட்டாசான் என்னும் புலவர் கேட்ப அரங்கேறிற்று என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகின்றது. அவ்வாசான் குற்றம் வினவ, நூலாசிரியர் விடை கூறி நிறுவினார் என்று உரையாசிரியர் விரித்துரைப்பர். ஒரு நூலை எழுதி முடித்தல் மட்டும் போதாது. அறிந்தோர் அவையில் நின்று, எழும் ஐயங்களுக்கு விடையிறுத்து, அதனை நிலைநாட்டுதலும் ஆசிரியன் கடன் என்பதே இம்மரபின் கருத்தாகும். இன்று பல்கலைக்கழகங்கள் கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்வேடு கேட்பதும், அவ்வாய்வேட்டின்மீது வாய்மொழித் தேர்வு நடத்துவதும் இக்கருத்தின் வழிப்பட்டனவே. பெயரும் சடங்கும் வேறாயினும் நெறி ஒன்றே.

நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்குரியனவாகச் சில கூறுகளை வகுத்துள்ளார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் என்பவற்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். இன்றைய ஆய்வு மாணவன் தன் ஆய்வுத் திட்டத்தில் எழுதவேண்டியவை யாவும் இவற்றுள் அடங்கும். அவற்றுள் எல்லையும் வழியும் ஆய்வின் தொடக்கத்திற்கு உரியன. யாப்பும் களமும் இடைக்கு உரியன. கேட்போரும் பயனும் முடிவிற்கு உரியன. இவ்வொழுங்கினைப் பின்பற்றி, ஓர் ஆய்வேடு தோன்றி நிலைபெறும் படிகளை ஈண்டு நோக்குவாம். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் நம் மலையகத் தோட்டங்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்தே கொள்வாம். இறுதியில், ஊவா மாகாணத்து மீரியபெத்த என்னும் தோட்டப் பிரிவு இப்பொருள் குறித்து நமக்கு எழுப்பும் வினாவையும் ஆராய்வாம்.

பட்டத்தின் வரலாறு

கலாநிதிப் பட்டம் மேனாடுகளில் இடைக்காலத்திலேயே வழங்கிற்று. எனினும், புதிய உண்மையைக் கண்டு கூறும் ஆய்வேட்டினை அதன் உயிராகக் கொண்ட முறை, 1810 இல் திறக்கப்பட்ட பேர்லின் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றது. இங்கிலாந்து இதனை மிகத் தாமதமாகவே ஏற்றது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1917 இல் இப்பட்டத்தை ஏற்படுத்தியது. இலண்டன் அடுத்த சில ஆண்டுகளில் அதனைப் பின்பற்றியது. இலங்கையில் 1921 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவரை இலண்டன் பட்டத்திற்கே ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரும் நம் அறிஞர் பலர் ஆய்வின்பொருட்டுக் கடல் கடந்தே சென்றனர்.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1930களில் இலண்டனிலிருந்து, கி. பி. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து பட்டம் பெற்றார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அங்கேயே பத்துப்பாட்டை ஆராய்ந்தார். பேராசிரியர் க. கைலாசபதியும் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க மொழிப் பேரறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில், முறையே தமிழ் வீரநிலைக் கவிதையையும் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தையும் ஆராய்ந்தனர். இவையெல்லாம் கல்லிலும் ஏட்டிலும் நிலைத்த பழமையைப் பற்றியவை. தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த மக்களின் வரலாறு ஆய்வேட்டுக்குரிய பொருளாதற்கு மேலும் சிறிது காலம் சென்றது.

எல்லை

ஆய்வின் முதற்படி வினாவைத் தேர்தல். வினா பெரிதாயின் விடை மெலியும். ‘மலையக மக்களின் வரலாறு’ என்று தலைப்பிட்டுத் தொடங்கும் மாணவன் பத்தாண்டு கழிந்தும் முன்னுரையிலேயே நிற்பான். எல்லை வகுத்தல் என்பது கண்டபடி ஆண்டுகளை வெட்டுதலன்று. அவ்வாண்டுகளுக்குக் காரணம் இருத்தல் வேண்டும். கலாநிதி குமாரி ஜயவர்த்தனா இலண்டனில் 1964 இல் முடித்த ஆய்வேடு இதற்கு நல்ல சான்று. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தை ஆராய்ந்த அவர் 1893 முதல் 1947 வரையுள்ள காலத்தைக் கொண்டார். முன்னது கொழும்பில் அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு. பின்னது பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்த ஆண்டு. இரண்டு எல்லைக் கற்களும் பொருளுக்குள்ளிருந்தே எழுந்தவை. ‘ஏன் இவ்வாண்டில் தொடங்கினீர்?’ என்று தேர்வாளர் வினவின் அவ்வாய்வேடு தானே விடை கூறும்.

எல்லை வகுத்த பின்னும் வினா மாறக்கூடும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிப்பொருள் அளவையீட்டின் முதற் பணிப்பாளராக நாட்டைச் சுற்றியவர். அறிவியற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பாறைகளைத் தேடி மலைநாட்டில் நடந்த அவர் கண்ணிற் பட்டது அழிந்துவரும் கைவினை மரபு. 1908 இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அவ்வழி பிறந்தது. களம் கூறுவதைக் கேட்கும் செவி ஆய்வாளனுக்கு இன்றியமையாதது என்பதை இது காட்டும்.

வழி

இரண்டாம் படி, முன்னோர் சென்ற வழியை அறிதலும் சான்றுகளைத் திரட்டுதலும் ஆம். தோட்ட வரலாற்றுக்குச் சான்றுகள் குறைவு என்பார் கூற்று முற்றும் பொருந்தாது. குடியேற்ற நாட்டு அமைச்சுக்கும் தேசாதிபதிக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து இலண்டனை அடுத்த கியூவில் உள்ளது. கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் அரசாங்க நிருவாக அறிக்கைகள் உள்ளன. தோட்டத்துரைமார் சங்கத்தின் ஆண்டு நடவடிக்கைகள், பேர்குசனின் தோட்ட விவரத் திரட்டுகள், 1871 முதலான குடிசன மதிப்புகள், 1923 முதல் இலங்கையில் இருந்த இந்திய அரசின் முகவர் எழுதிய ஆண்டறிக்கைகள் என இவை பலவாகும். கலாநிதி தர்மப்பிரிய வெசும்பெரும 1880 முதல் 1910 வரையுள்ள குடிபெயர்வை ஆராய்ந்து 1986 இல் வெளியிட்ட நூலும், பற்றிக் பீபிள்ஸ் 2001 இல் வெளியிட்ட தோட்டத் தமிழர் வரலாறும் இத்தகைய ஆவணங்களை வரிவரியாகக் கற்றதன் பயனே.

ஆயினும் இவ்வாவணங்களுள் மிகுதியானவை துரையின் மேசையில் எழுதப்பட்டவை. ஆட்களை எண்ணினோர் வேறு, எண்ணப்பட்டோர் வேறு. தோட்டத்துச் ‘செக்ரோல்’ ஏடு பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தவரை எழுதும். வேலை செய்யாத முதியவரையும் லயத்துக் குழந்தையையும் கொழும்புக் கடையில் சம்பளத்திற்கு நிற்கும் இளைஞனையும் எழுதாது. ஆதலின், அவ்வேட்டைக் கொண்டு ‘இத்தோட்டத்தில் இத்தனை பேர் வாழ்ந்தனர்’ என்று முடிவு கட்டும் மாணவன் தவறுவான். ஓர் ஆவணத்தை எடுத்தவுடன் யார், எதற்காக, யாருக்கு இதனை எழுதினார் என்று மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

தமிழ்ச் சான்றுகளுக்கும் இவ்விதி உண்டு. 1869 இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ மலையகத்தின் மிகப் பழைய அச்சு நூல்களுள் ஒன்று. தமிழில் இருப்பதனாலேயே அது தொழிலாளியின் குரலாகிவிடாது. அது தோட்டச் செய்கையை நடத்துவோர் நிலையிலிருந்து பேசுவது. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களோ வேறொரு பக்கத்திலிருந்து பேசுகின்றன. இரண்டையும் எதிரெதிர் நிறுத்திக் கற்பவனுக்கே உண்மையின் உருவம் தெரியும்.

ஆவணம் என்பது இம்மக்களுக்கு வெறும் வரலாற்றுப் பொருளன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் பின், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி 1 ஆம் தேதிக்கு முன் திருமணமானவராயின் ஏழாண்டும் ஆகாதவராயின் பத்தாண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமையைச் சான்று காட்டி நிறுவவேண்டியிருந்தது. பிறந்த நாளையே எழுதி வைக்காத குடும்பங்கள் பத்தாண்டு வாழ்க்கைக்குப் பத்திரம் தேடி அலைந்தன. நாடற்றோர் நிலை, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் 1974 இன் தொடர் ஒப்பந்தத்தையும் கடந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை நீண்டது. ஆய்வாளன் அறையிலிருந்து சான்று தேடும் முன்னரே அவன் ஆராயும் மக்கள், சான்று இல்லாமையின் விலையைத் தம் வாழ்வால் கொடுத்துவிட்டனர். இதனை மறவாதவன் மேற்கோள் ஒன்றையும் அலட்சியமாக எழுதான்.

களமும் யாப்பும்

ஏட்டுச் சான்று போதாத இடத்தில் களம் துணை செய்யும். ஈழத்திற் பிறந்த மானிடவியலாளர் வலன்ரைன் டானியல் 1996 இல் வெளியிட்ட நூலும், மைத்திரி ஜெகதீசன் கலாநிதிப் பட்ட ஆய்வினின்று வளர்த்து 2019 இல் வெளியிட்ட, தோட்டப் பெண்களின் உழைப்பும் வாழ்வும் பற்றிய நூலும் லயத்து வாசலில் இருந்து கேட்டறிந்தவற்றால் ஆனவை. களஆய்வுக்குச் செல்வோன் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியை முன்னரே பெறுதல் இன்றைய விதி. அதனினும் பெரியது பேசுவோரின் இசைவு. துரையின் அனுமதியோடு வந்தவன் என்று மக்கள் கருதின் ஒருவகையாகவும், சங்கத்தின் ஆள் என்று கருதின் வேறுவகையாகவும் விடை வரும். தான் யாராகக் கருதப்பட்டான் என்பதையும் ஆய்வாளன் ஏட்டில் குறித்தல் வேண்டும். சொன்னவர்க்கு இடர் நேரக்கூடுமாயின் பெயரை மறைத்தல் அறம்.

திரட்டியவற்றை யாத்தல் அடுத்த படி. ஓர் ஆய்வேட்டுக்கு ஒரே மையக் கருத்து இருத்தல் வேண்டும். ஒவ்வோர் இயலும் அக்கருத்தின் ஒரு பகுதியை நிறுவுதல் வேண்டும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என நன்னூலார் எண்ணிய குற்றங்களையே இன்றைய மேற்பார்வையாளரும் சிவப்பு மையால் அடிக்கோடிடுவர். கிடைத்த குறிப்பு அனைத்தையும் புகுத்திவிட வேண்டுமென்னும் ஆசையே மாணவனின் பெரும் பகை. எழுதியதை இயல் இயலாக ஆசிரியரிடம் காட்டுதலும், அவர் கூறும் திருத்தத்தைத் தேதியிட்டுக் குறித்து வைத்தலும் நன்று. முழுதும் முடித்த பின் காட்டுவோம் என்று காத்திருப்போன் முழுதையும் மாற்ற நேரும்.

அரங்கம்

முடிந்த ஏடு தேர்வாளரிடம் செல்கின்றது. இங்கிலாந்து மரபில் தேர்வு மூடிய அறையில் நடைபெறும். பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவரும் ஏட்டைக் கற்று வந்து வினவுவர். நேரம் வரையறையின்றி இரண்டு மூன்று மணியும் செல்லலாம். முடிவு பலவகைப்படும்: உள்ளவாறே ஏற்றல், சிறு திருத்தங்களுடன் ஏற்றல், பெருந்திருத்தஞ் செய்து மீண்டும் சமர்ப்பிக்கப் பணித்தல், தாழ்ந்த பட்டம் வழங்கல் அல்லது மறுத்தல். சிறு திருத்தங்களுடன் ஏற்றலே பெருவழக்கு. ஆதலால் அதனைத் தோல்வியாகக் கருதுதல் பேதைமை.

ஒல்லாந்து மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே ஏட்டின் தகுதி முன்னரே ஆராயப்பட்டு, அது அச்சிடப்பட்ட பின்னரே வாதம் நிகழும். வாதம் பொது அரங்கில், உற்றார் உறவினர் முன்னிலையில் நடைபெறும். ஆய்வாளனின் இருமருங்கும் துணைவர் இருவர் நிற்பர். குறித்த நேரம் முடிந்ததும் பல்கலைக்கழகச் சேவகர் கோலுடன் வந்து இலத்தீன் மொழியில் காலம் முடிந்ததை அறிவிப்பார். சொல்லிக் கொண்டிருந்த விடை பாதியில் நிற்கும். கலாநிதி றேச்சல் குரியன், 1834 முதல் 1984 வரை இலங்கைத் தோட்டத் தொழிலில் அரசும் முதலும் உழைப்பும் கொண்ட தொடர்பை ஆராய்ந்த ஆய்வேட்டை அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தில் 1989 இல் சமர்ப்பித்தார். நம் மலைச்சரிவுகளின் நூற்றைம்பது ஆண்டுக் கதை இவ்வாறு ஒல்லாந்த நகரொன்றில் வழக்காடப்பட்டது.

எம்மரபாயினும் வினாக்கள் நான்கு வகையுள் அடங்கும். புதிதாக நீர் கண்டது யாது? அதனை எவ்வாறு அறிந்தீர்? நுமக்கு எதிரான சான்றுக்கு நும் விடை யாது? இதனால் அறியப்படாதது யாது? இந்நான்கிற்கும் மூன்று மூன்று வாக்கியங்களில் விடை எழுதிப் பழகுதல் தேர்வுக்கு முந்திய மாதத்தின் பணி. தன் ஏட்டை அயலான் ஏட்டைப் போல மீண்டும் படித்து, பலவீனமான பக்கங்களைத் தானே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவையில், வினாவை முற்றக் கேட்டு விடை கூறுதலும், அறியாததை அறியேன் என்றலும், குற்றமெனக் காட்டப்பட்டது குற்றமாயின் ஏற்றலும், அன்றெனின் சான்று காட்டி நிற்றலும் முறை. ஏற்கவேண்டியதை மறுப்பதும் மறுக்கவேண்டியதை ஏற்பதும் ஒரே அளவிற் கேடு பயப்பன.

அரங்கம் அன்றோடு முடிவதுமன்று. கைலாசபதியின் ஆய்வேடு 1968 இல் ஒக்ஸ்போட் அச்சகத்தின் நூலாயிற்று. சிவத்தம்பியின் ஏடு நூலாக 1981 வரை காத்திருந்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1965 இல் இலண்டனில், இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தொடக்கத்தையும் ஆராய்ந்தார். நாற்பது ஆண்டுகளின் பின் 2005 இல் வெளியிட்ட நூலில், இடையே கிடைத்த தொல்லியற் சான்றுகளைக் கொண்டு தம் முந்தைய முடிபுகளைத் தாமே திருத்தி எழுதினார். தம் ஆய்வேட்டுக்குத் தாமே அதங்கோட்டாசானாக அமர்ந்த இச்செயல், பட்டத்தினும் உயர்ந்த சிறப்பாகும்.

கேட்போரும் பயனும்

இனி எஞ்சியவை இரண்டு: கேட்போர், பயன். இங்கேதான் மீரியபெத்த நம்மை நிறுத்துகின்றது.

பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையில், மலைச்சரிவில் அமைந்த தோட்டப் பிரிவு மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 ஆம் தேதி காலை, தொடர் மழைக்குப் பின், மலையின் மேற்பகுதி பெயர்ந்து லய வரிசைகளை மூடிற்று. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் பலர் பிழைத்தனர். திரும்பி வந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை. அச்சரிவின் ஆபத்து அறியப்படாததன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலேயே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயப் படங்களை வரையத் தொடங்கியிருந்தது. மீரியபெத்த மக்களை வேறிடம் மாற்ற வேண்டுமென்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் வழங்கப்பட்டிருந்தது. அறிவித்தோம் என்றனர் அதிகாரிகள். போவதற்கு நிலமும் வீடும் தரப்படவில்லை என்றனர் மக்கள்.

ஆய்வு முறைப்படி நடந்தது. வினா சரி, சான்று சரி, முடிபும் சரி. ஆயினும் அம்முடிபு யார் முன்னே வாதித்து நிறுவப்படவேண்டுமோ அவ்வரங்கத்தை அது அடையவில்லை. தேர்வாளர் இருவர் ஏற்றால் ஏடு வெல்லும். மலைச்சரிவில் வாழ்வோர்க்கோ, நிலம் பகிர்வோரும் நிதி ஒதுக்குவோரும் வாழ்வோரும் ஒருங்கே ஏற்றாலன்றி அவ்வுண்மை பயன்படாது.

இறந்தோரை எண்ணும்போதும் இதே குறை வெளிப்பட்டது. முதல் நாளில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கினர் என்று கூறப்பட்டது. பின்வந்த நாள்களில் அத்தொகை பலமுறை குறைக்கப்பட்டது. யார் வேலைக்குப் போனார், யார் ஊரில் இல்லை என்பது தெளிவாகவில்லை. பதிவேடுகள் இருந்த கிராம அலுவலகமும் மண்ணுள் மறைந்தது. ஒரு சிற்றூரில் அன்று காலை யார் யார் இருந்தனர் என்னும் எளிய வினாவுக்கு ஏடு விடை கூறவில்லை. செக்ரோலைப் பற்றி மேலே கூறியது வெறும் ஆய்வுமுறை நுணுக்கமன்று என்பது இதனால் விளங்கும். தப்பியோர் நெடுநாள் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் பிற இடங்களிலும் தங்கிய பின், 2016 இல் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டி வழங்கப்பட்டன.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 இல் பதுளையிலேயே தோன்றிற்று. தோட்டத்துப் பிள்ளைகளும் இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கின்றனர், ஆய்வு செய்கின்றனர். அவர்கள் முன் உள்ள பணி பெரிது. ஆய்வேடு எம்மொழியில் எழுதப்படினும் அதன் சாரத்தைத் தமிழிற் சுருக்கி, தகவல் தந்த தோட்டத்துப் பாடசாலை நூலகத்தில் ஒரு படியேனும் வைத்தல் வேண்டும். சொன்னவர் கூடிய இடத்தில் நின்று, கண்டதைக் கூறி, அவர் மறுப்பதையும் கேட்டு எழுதல் வேண்டும். பல்கலைக்கழகச் சட்டம் இதனைக் கேட்பதில்லை. பாயிர மரபு கேட்கின்றது. பட்டத்தை நாடாது, தொழிலுக்கிடையே மலையக இலக்கிய வரலாற்றைத் தேடி, தேசபக்தன் கோ. நடேசய்யரின் வாழ்வை 1988 இல் நூலாக்கிய சாரல் நாடன் போன்றோர் இவ்வழியை முன்னரே நடந்து காட்டினர்.

எல்லை வகுத்து, வழி அறிந்து, யாப்புற எழுதி, அரங்கில் நிறுவினால் பட்டம் உறுதி. கேட்போர் யார், பயன் யாது என்னும் இறுதி இரு கூறுகளையும் நிறைவேற்றினால் அப்பட்டத்திற்குப் பொருள் உண்டாகும். நம் கல்லூரியினின்று நாளை ஆராய்ச்சித் துறை புகும் மாணவர், ஏட்டின் முதற்பக்கத்தை எழுதுமுன்னரே அதனை யார் முன் நின்று வாதிக்கப் போகின்றோம் என்று எண்ணிப் பார்ப்பாராக. தேர்வாளரின் இருக்கைகளுக்குப் பின்னே, லயத்து மக்களுக்கும் அவ்வரங்கில் ஓர் இருக்கை உண்டு.